கோடியக்கரைக் காட்டில் பறவையே இல்லையா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

கோடியக்கரைக் காட்டுக்குள் காலை எட்டரை மணி முதல் நண்பகல் வரை நடந்தோம். பதினொரு இனங்களைத்தான் பார்க்க முடிந்தது. மாலையில் உப்பளக் கரையில் ஒரு மணி நேரம் நின்றதற்கே ஆயிரக்கணக்கான பறவைகள். சரணாலயத்தின் பறவை வளம் முழுவதும் ஈரநிலத்தில்தான் இருக்கிறது, காடு வெறும் வேலி என்று சொன்னால் தவறா?

ஜனவரி 9, இரவு

தவறு. ஆனால் இதே முடிவுடன் நானும் முதல் இரண்டு பயணங்களில் ஊர் திரும்பியிருக்கிறேன் என்பதால், தவறு எங்கே நுழைகிறது என்று சொல்ல முயல்கிறேன்.

உங்கள் கேள்வியில் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன. எத்தனை பறவைகள் என்பது ஒன்று; எத்தனை இனங்கள் என்பது மற்றொன்று; இருப்பவற்றில் எத்தனையை உங்களால் காண முடிந்தது என்பது மூன்றாவது. உப்பளத்தில் இந்த மூன்றுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு, ஏனெனில் அங்கே பறவை ஒளிந்துகொள்ள எதுவுமில்லை. அரை கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் பூநாரையைக்கூட வெறும் கண்ணால் அடையாளம் காணலாம். காட்டிலோ பத்தடி தொலைவில், காரைப் புதருக்குள் இருக்கும் வெண்புருவச் சின்னான் குரல் கொடுக்காவிட்டால் உங்கள் பட்டியலுக்கு வரவே வராது.

அடுத்து, எட்டரை மணி. அது ஈரநிலத்துக்கு நல்ல நேரம்தான். காட்டுக்குப் பிந்திய நேரம். விடியலை ஒட்டிய முதல் ஒன்றரை மணி நேரத்தில் காடு பேசிவிடுகிறது, அதன் பிறகு உறங்குவதுபோல் ஆகிவிடுகிறது. நீங்கள் கூட்டம் முடிந்த பிறகு மண்டபத்துக்குள் போய் நாற்காலிகளை எண்ணியிருக்கிறீர்கள்.

ஓத நேரத்தையும் பார்த்துச் செல்லுங்கள். நீர் வடியும்போது சேற்றுப் பரப்பில் பறவைகள் பரவி மேயும், ஏறும்போது ஓரிடத்தில் குவியும்.

ஜனவரி 10

எண்ணிக்கைக்கும் பன்மைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கால் காட்டுகிறேன். இது நான் புனைந்த கணக்கு, கள எண்கள் அல்ல.

ஓரிடத்தில் 10 இனங்கள், ஒவ்வொன்றிலும் 10 பறவைகள், ஆக 100. மற்றோரிடத்திலும் அதே 10 இனங்கள், அதே 100 பறவைகள். ஆனால் ஓர் இனத்தில் மட்டும் 91, மீதி ஒன்பது இனங்களில் ஒவ்வொரு பறவை. இன எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. எத்தனை இனங்கள், அவை எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கின்றன என்ற இரண்டையும் சேர்த்துப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டின்படி முதலிடத்துக்கு 2.30 வருகிறது, இரண்டாமிடத்துக்கு 0.50. இதைப் பேச்சுமொழிக்கு மாற்றினால், முதலிடம் பத்து இனங்கள் சமமாக வாழும் இடமாகவே இருக்கிறது. இரண்டாமிடமோ ஏறத்தாழ ஒன்றரை இனம் வாழும் இடத்தைப்போல நடந்துகொள்கிறது. கொசு உள்ளான்களின் பெருங்கூட்டம் ஒன்று இறங்கிய சேற்றுப் பரப்பு பல நாட்களில் இரண்டாம் வகையை நெருங்கும். அன்று உங்கள் கண் நிறைந்திருக்கும், குறியீடு விழுந்திருக்கும்.

இதை வைத்துக்கொண்டு ஈரநிலம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஓர் இனத்தின் பல்லாயிரம் பறவைகள் ஒரே இடத்தை நம்பியிருப்பது தனிச் சிறப்பு. அந்தச் சிறப்பை இந்தக் குறியீடு அளப்பதில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 10, சற்றுப் பின்னர்

நேற்று ஓதத்தைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும். அது வேறு கடற்கரைகளைப் பற்றிய நூல்களைப் படித்த பழக்கத்தில் வந்த வரி. பாக் நீரிணைப் பகுதியில் ஓத ஏற்ற இறக்கம் சிறிது. வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் நீர்மட்டத்தை ஓதத்தைவிடக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. காற்றின் திசை மாறியதும் காலையில் சேறாகக் கிடந்த பரப்பின் மேல் மாலைக்குள் மெல்லிய நீர்ப்படலம் ஏறியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஓத அட்டவணையைத் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். கொடிக்கம்பத்தைப் பார்த்தால் போதும்.

ஜனவரி 13

காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை.

கோடியக்கரைக் காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்ற வகையைச் சேர்ந்தது. பாலை மரம்தான் அதன் தலைமை மரம். உயரம் அதிகமில்லை, இலை சிறியது, அடி நெருக்கமானது; மழைக்காட்டைக் கற்பனை செய்துகொண்டு வருபவர்களுக்கு இது புதர்க்காடாகத் தோன்றி ஏமாற்றம் தரும். பறவைக்கு இந்த நெருக்கம் மறைவிடம், பழம், பூச்சி ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் கொடுக்கிறது. கோடையில் பாலை பழுக்கும் நாட்களில் சின்னான்களும் குயில்களும் போடும் சத்தத்தைக் கேட்டவர் யாரும் இக்காட்டை வேலி என்று சொல்ல மாட்டார். உகாய் பழுத்தால் சோளக்குருவிக் கூட்டங்கள் கறுப்பும் இளஞ்சிவப்புமாக வந்து இறங்கும்.

மர இனங்கள் எத்தனை என்பதைவிட இலையடுக்குகள் எத்தனை உயரங்களில் பரவியிருக்கின்றன என்பதே பறவை இனங்களின் பன்மையோடு நெருங்கிய தொடர்புடையது என்று 1961இல் சூழலியலாளர் ராபர்ட் மெக்ஆர்தரும் அவர் சகோதரர் ஜானும் காட்டினார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் கோடியக்கரைக் காட்டின் கீழடுக்கு மிக நெருக்கமானது, மேலடுக்கு மெலிந்தது. அதற்கேற்பத் தரையிலும் புதரிலும் மேயும் பறவைகள் இங்கே மிகுதி: கொடிக்கால் வாலாட்டி, செந்தலைப் பூங்குருவி, தவிட்டுக்குருவி, புதருக்குள் பாம்பைப்போல நழுவும் பச்சைவாயன்.

இவற்றைவிட முக்கியமானது அக்காட்டின் இருப்பிடம். வரைபடத்தில் கோடிமுனை கடலுக்குள் நீட்டிய விரல். இலங்கைக்குச் செல்லும் சிறு பறவைகள் சிலவற்றுக்குக் கடலைத் தாண்டும் முன் கிடைக்கும் கடைசி மரங்கள் இங்கேதான் உள்ளன. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை ஆறுமணிக்குருவியும் ஈப்பிடிப்பான்களும் கதிர்க்குருவிகளும் வந்து தங்கிச் செல்கின்றன. உங்கள் ஜனவரி நடை இந்த ஊர்வலம் முடிந்த பிறகு நடந்தது. ஆகவே மேலே சொன்ன மண்டப உவமையை நாளுக்கு மட்டுமல்லாமல் பருவத்துக்கும் நீட்டிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 14

ஒருவர் தனிமடலில், என் உப்பளப் பறவைப் பட்டியல் ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் கோட்டான் என்று எழுதியிருந்தீர்களே, சேற்றில் ஆந்தை என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். பறவை நூல்களில் கோட்டான் என்பது வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவைக்கும் பெயராகிவிட்டது. ஊர் வழக்கில் அது ஆந்தைதான். அந்த அலகு ஆந்தைக்கு இருந்தால் எலிகள் ஊரைக் காலி செய்துவிடும்.

ஜனவரி 17

ஈரநிலம் என்ற ஒற்றைச் சொல்லை நானும் பயன்படுத்தி வந்திருக்கிறேன். இன்று அது எனக்கே இடறுகிறது. காட்டை அடுக்கடுக்காகப் பிரித்துப் பேசிவிட்டுச் சேற்றை ஒரே தட்டாகப் பேசுவது முறையல்ல.

சேற்றுப் பரப்பின் அடுக்குகள் நீரின் ஆழத்தில் இருக்கின்றன. கொசு உள்ளானுக்கு எடை முப்பது கிராமைத் தொடுவதே அரிது, அலகு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அது நீர் வற்றிய ஈரச் சேற்றிலும் விரற்கடை ஆழ நீரிலும் மட்டுமே மேய முடியும். பவளக்காலி சற்று உள்ளே இறங்கும். நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே போகும். கோட்டான் தன் நீண்ட அலகைச் சேற்றுக்குள் ஆழமாகச் செலுத்தி, மற்றவற்றுக்கு எட்டாத புழுவையும் நண்டையும் வெளியே இழுக்கும். நாலரை அடி வரை உயரும் பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்ணும். உப்புக்கொத்திகளோ ஆழத் துழாவுவதில்லை. நின்று பார்த்து, ஓடி, கொத்தி, மீண்டும் நிற்கும். ஒரே சேற்றில் இத்தனை பேர் சண்டையின்றி மேய்வது காலும் அலகும் வெவ்வேறு நீளத்தில் இருப்பதனால்தான்.

எனவே நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும் பட்டியல் மாறுகிறது. நல்ல மழைக்குப் பின் குட்டைக்கால் பறவைகள் விலகி, வரப்புகளிலும் ஆழமற்ற பாத்திகளிலும் ஒதுங்குகின்றன. அதே மழை உவர்ப்பைக் குறைத்து நீருக்குள் இருக்கும் இரையின் வகையையே மாற்றிவிடுகிறது. உப்பளத்தில் ஒரு பாத்தியில் கடல்நீர் அளவு உவர்ப்பு, அடுத்த பாத்தியில் அதைவிடப் பன்மடங்கு. உப்பு படியத் தொடங்கிய பாத்தியில் மேய்வதற்கு ஏறக்குறைய எதுவும் இருப்பதில்லை, அங்கே நிற்கும் பறவை ஓய்வெடுக்கிறது என்றே கொள்ள வேண்டும். உங்கள் ஆயிரங்களில் எத்தனை மேய்ந்தன, எத்தனை ஓய்ந்தன என்று பார்த்தீர்களா? நான் பல ஆண்டுகள் பார்க்கவில்லை. கூட்டத்தை நூறு நூறாகப் பிரித்து எண்ணுவதிலேயே கவனம் போய்விடும். அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற பத்தியை நோட்டில் காலியாகவே விட்டுவந்தேன். ஒரு பறவை வேறிடத்தில் மேய்ந்து உப்பளத்தில் ஓய்ந்தால், அதை உப்பளத்தின் வளம் என்று மட்டும் எழுதுவது, பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் என்று எழுதுவதைப் போன்றது.

ஜனவரி 17

மேலே எழுதியதற்கு எதிராக நானே ஒன்று சொல்ல வேண்டும். ஓய்விடமும் வாழிடம்தான். ஓய்விடம் இல்லாமல் ஆளும் நாயும் விரட்டிக்கொண்டே இருந்தால், பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்துவந்த பறவை உண்டதெல்லாம் பறப்பதிலேயே தீர்ந்துவிடும்.

ஜனவரி 22

புல்வெளியை யாரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று தெரியும்.

1967இல் இந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே வெளிமானுக்காக. வெளிமான் புல்வெளிக்கு உரியது. ஆனால் பறவைப் பட்டியலில் புல்வெளிக்கு எப்போதும் கடைசி இடம்தான். என் நோட்டிலும் அப்படியே: வானம்பாடி, நெட்டைக்காலி, ஆள்காட்டி, பனங்காடை, கௌதாரி, தாழப் பறந்து துழாவும் பூனைப்பருந்து, மாலையில் ஒரு பக்கி. மாட்டையும் குதிரையையும் ஒட்டித் திரியும் உண்ணிக்கொக்கைச் சேர்த்தாலும் பக்கம் நிரம்பாது.

இந்தச் சிறிய பட்டியலை வைத்துப் புல்வெளி ஏழை என்று நினைத்திருந்தேன். பிறகு பட்டியல்களை அருகருகே வைத்து, எந்த இனம் ஒரே ஒரு வாழிடத்தில் மட்டும் வருகிறது என்று கோடிட்டுப் பார்த்தேன். காட்டுப் பட்டியலில் உள்ள கரிச்சானும் மைனாவும் குயிலும் ஊர்த் தோப்பிலும் கிடைக்கின்றன. புல்வெளிப் பட்டியலில் வானம்பாடியையும் பூனைப்பருந்தையும் அடித்தால் அவற்றை எடுத்துவைக்க அருகில் வேறு பக்கமே இல்லை. சூழலியலாளர் விட்டேக்கர் 1960இல் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பன்மையைப் பிரித்தது இதற்காகத்தான்: ஓரிடத்துக்குள் உள்ள பன்மை ஒன்று, இடத்துக்கு இடம் இனங்கள் மாறுவதால் வரும் பன்மை மற்றொன்று, நிலப்பரப்பு முழுவதற்குமான மொத்தம் மூன்றாவது. புல்வெளியின் ஆல்ஃபா சிறியது. மொத்தத்துக்கு அது கொண்டுவந்து சேர்ப்பது பெரியது. எந்த வாழிடத்தில் அதிகம் என்று கேட்பதைவிட, எதை எடுத்துவிட்டால் மொத்தப் பட்டியலிலிருந்து எவை காணாமற்போகும் என்று கேட்பது எனக்கு இப்போது சரியாகப் படுகிறது.

அந்தப் புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் நுழைந்துகொண்டிருக்கிறது. அதன் இனிப்பான காய்களை அங்கே திரியும் குதிரைகள் தின்று, சாணத்தோடு விதைகளை எங்கும் சேர்த்துவிடுகின்றன. புல் போனால் வானம்பாடி போகும்.

ஜனவரி 23

சீமைக்கருவேலம் புகுந்த இடத்தில் பறவையே இராது என்று நான் எழுதியதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி எழுதவில்லை, நினைத்ததுண்டு. உண்மையில் அங்கே சின்னான், தையல்சிட்டு, புறா, கதிர்க்குருவி எல்லாம் வரும், சில நாட்களில் திறந்த புல்வெளியைவிட அதிக இனங்கள்கூட வரும். இதுதான் வெறும் இன எண்ணிக்கையை நம்புவதிலுள்ள ஆபத்து. எண்ணிக்கை ஏறும், வந்தவை எங்கும் கிடைக்கும் இனங்களாக இருக்கும், போனவை திரும்பாது.

பிப்ரவரி 2

கஜா புயலைப் பற்றிக் கேட்டவருக்கு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. சில மாதங்கள் கழித்து நான் போனபோது, பல ஆண்டுகளாக நடந்த பாதையை அடையாளம் காண முடியவில்லை. முன்பு நிழலாக இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அன்று காட்டுப் பாதையில் வழக்கத்தைவிட அதிக இனங்களைப் பதிந்தேன். ஊர் திரும்பும்வரை, காடு தாங்கிக்கொண்டுவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. கூடியவை பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வரும் பறவைகள்: பஞ்சுருட்டான், கரிச்சான், பனங்காடை. முன்பு குரலால் மட்டுமே அறிந்த புதர்ப் பறவைகளை அன்று கண்ணாலும் பார்த்திருந்தேன், ஏனெனில் மறைவு போய்விட்டிருந்தது. பறவை கூடவில்லை, என் பார்வைதான் கூடியிருந்தது. செந்தலைப் பூங்குருவி அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு நாள் காணாததை வைத்து அது போய்விட்டது என்றும் எழுத முடியாது. இரண்டையும் எழுதாமல் அந்தப் பக்கத்தின் மேல் தேதியை மட்டும் அடிக்கோடிட்டு வைத்தேன்.

முதல் குறிப்பில் மூன்று கேள்விகள் என்று பிரித்தேனே, அவற்றில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் கெடுக்கிறது என்பதை அந்தப் பயணம்தான் எனக்குக் கற்பித்தது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 5

எல்லைக் குழப்பம் ஒன்று. சரணாலயம் என்று நாம் பேசும்போது ஒருவர் முத்துப்பேட்டையையும் சேர்க்கிறார், மற்றொருவர் சேர்ப்பதில்லை. 2002இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் 38,500 ஹெக்டேர். அதில் கோடியக்கரைச் சரணாலயமும் சதுப்பு நிலமும் தலைஞாயிறு காப்புக்காடும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அடங்கும். 1967இல் அறிவிக்கப்பட்ட பகுதி அதன் ஒரு சிறு துண்டு. ஒருவர் துண்டின் பட்டியலையும் மற்றவர் முழுமையின் பட்டியலையும் வைத்துக்கொண்டு இங்கே மூன்று நாட்களாக வாதிட்டிருக்கிறீர்கள்.

அலையாத்திக் காட்டைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. படகில்தான் போக முடியும். படகின் சத்தத்தில் பறவை எழும், எழுந்த பிறகே பார்ப்போம். வக்கா, கொக்குகள், கருந்தலை மீன்கொத்தி, மேலே செம்பருந்து. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீர் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அங்குள்ள உவர்ப்பும் மீனும் அமைகின்றன என்பதால், அங்குள்ள மீன்கொத்தியின் நலம் மேலேயுள்ள வாய்க்கால் மதகுகள்வரை நீள்கிறது. எந்த எல்லைக்கோடும் அதைப் பிடிக்காது.

பிப்ரவரி 18

கேள்வி கேட்டவர் மீண்டும் போய்வந்திருக்கிறார். ஐந்தே முக்கால் மணிக்குக் காட்டு விளிம்பில் நின்று, நடக்காமல், ஓரிடத்தில் பத்து நிமிடம் என்ற கணக்கில் ஆறு இடங்களில் கேட்டும் பார்த்தும் எழுதினாராம்; இருபத்து நான்கு இனங்கள். வாழ்த்துகள். இரண்டு இடங்களில் பதிந்த குயில் ஒரே குயிலாகவும் இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இனப் பட்டியலுக்கு இது பாதகமில்லை, எண்ணிக்கைக்குப் பாதகம்.

மாலையில் காட்டு மரங்களுக்கு மேலாகக் கொக்குகள் வரிசை வரிசையாக வந்து அடைந்ததாகவும், அவற்றைக் காட்டுப் பட்டியலில் எழுதுவதா ஈரநிலப் பட்டியலில் எழுதுவதா என்றும் கேட்கிறார். நான் இரண்டிலும் எழுதி, பக்கத்தில் மேய்ச்சல், அடைதல் என்று குறிக்கிறேன்.

பிப்ரவரி 19

அந்தக் கொக்குகளால் தூண்டப்பட்டுப் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது, ஓர் அக்டோபர் பக்கம் கிடைத்தது. ஜனவரி 13ஆம் தேதிக் குறிப்பில் ஆறுமணிக்குருவியைக் காட்டின் விருந்தாளியாக எழுதியிருந்தேன். இந்தப் பக்கத்திலோ அது உப்பள வரப்பில், ஒற்றைச் சீமைக்கருவேலத்தின் அடியில், இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரவெல்லாம் பறந்து களைத்து, கிடைத்த நிழலில் இறங்கியிருக்க வேண்டும். நான் நெருங்கியும் அது எழவில்லை, நான்தான் பின்வாங்கினேன்.

உப்பளப் பட்டியலில் அதை அப்போது எழுதவில்லை, காட்டுப் பட்டியலிலும் எழுதவில்லை. பக்கத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.